ஏற்றத்தில் ஒரு செருமல்



இலக்கியத்துக்கென்று ஒதுக்கிய நேரத்தில் ஒரு பழைய காரின் காபரேற்றரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால், உங்களில் சிலர் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பக்கூடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் நான் பேச வந்தது கேட்பதைப் பற்றி. அதைப் பேச வானொலியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக் கார் ஒரு மொறிஸ் மைனர். 1959 இல் செய்தது. அந்தக் காரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று அதை நெடுக்காக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து அகலத்தைத் தீர்மானித்தவர். 1948 இல் வெளிவந்த அந்தக் கார்தான் பத்து இலட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரித்தானியக் கார். இலங்கையில் ஆசிரியர், டொக்டர், தபாலதிபர் என்று பலர் வீட்டு முற்றங்களில் அது நின்றது. எங்கள் அப்பா அதை வாடகைக்கு ஓட்டினார்.

அப்பொழுது நாங்கள் படுவான்கரையில் இருந்தோம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை அது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு பெற்றோல் எங்களுக்குக் கண்ணில் காட்டாத பொருளாயிற்று. யாழ்ப்பாணத்தில் செய்ததைப் போலவே அப்பாவும் காரை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கினார். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே ஒரு சிறிய போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் சில துளிகள் விட்டு என்ஜினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பது அம்மாவின் வேலை.

இரவில் பிள்ளைப்பேற்றுக்காரியையோ பாம்பு தீண்டியவரையோ ஏற்றிக்கொண்டு அப்பா மண்முனைத் துறைக்குப் போவார். அங்கே பாதை கிடைத்தால் நோயாளி அக்கரைக்குப் போகலாம். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் தட்டைப் படகை. அப்பா திரும்பி வரும்வரை அம்மா விளக்கைத் தணித்துவிட்டுத் திண்ணையில் இருப்பா. கார் கண்ணில் படும் முன்பே, "உங்கட அப்பா வாறார்" என்பா. எங்களுக்கு ஒன்றும் கேட்காது. சிறிது நேரம் கழித்துத்தான் அந்த மண்ணெண்ணெய்ப் புகை மணத்தோடு கார் வரும்.

பிறகு நாங்கள் கல்லடிக்குக் குடிவந்தோம். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. உயிர்கள் தப்பின. கார் உப்பு நீரும் மணலும் குடித்துக் கிடந்தது. அப்பா அதை விற்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. 2016 இல் அவர் காலமானார். கார் தென்னோலைக் கொட்டிலில் கிடந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். புதுக் கார் நினைக்க முடியாத விலைக்குப் போயிற்று. அம்மாவுக்கு ஒரு சிறு ஆசை இருந்தது. அப்பாவின் காரில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்குப் போய்வர வேண்டும். 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்தால் போக வேண்டும். பாதைக்குக் காத்துக் கிடந்த இடத்தை ஒருமுறை காரில் இருந்தபடி கடக்க வேண்டும்.

அந்தக் காரை நன்கு தெரிந்தவர் எங்கள் ஊரில் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். அவரை நான் மாமா என்றே அழைப்பேன். வயது எழுபதைத் தாண்டியவர். அவர் பழைய என்ஜினைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "மனே, இதுக்குள்ள கடல்தான் இருக்கு" என்றார்.

அதன் கொள்ளளவு 948 சீ.சீ. பிந்திய மைனர்களில் 1098 சீ.சீ. என்ஜின் வந்தது. இரண்டும் ஒரே குடும்பம். ஆகவே தாங்கிகளில் பிசகில்லாமல் உட்காரும். அப்படி ஒரு என்ஜின் கிளச்சோடும் கியர்ப்பெட்டியோடும் கிடைத்தது. காபரேற்றர் மட்டும் இல்லை. எங்கள் பழையதைப் பொருத்தலாமென்றால் அதன் திரொட்டில் தண்டு தேய்ந்து, பக்கவாட்டில் காற்று இழுத்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி ஒரு மாற்றுக் காபரேற்றரை எடுத்துவந்தேன். மினி காரிலிருந்து கழற்றியது. மினியும் இசிகோனிஸ் வரைந்த காரே. அளவு ஒன்று, துளைகள் ஒன்று. பொருந்திவிட்டது. பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த எஸ்.யு. காபரேற்றரின் கதை சுவையானது. எஸ்.யு. என்பது ஸ்கின்னர் சகோதரர்களின் கூட்டு என்பதன் சுருக்கம். அவர்கள் சப்பாத்து வணிகக் குடும்பத்தார். முதலில் செய்த காபரேற்றரில் தோலால் ஆன துருத்தி ஒன்று இருந்ததாம். கொல்லன் உலைத்துருத்தி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தோல் போய் உலோகப் பிஸ்ரன் வந்தது. வேலை அதேதான். என்ஜின் எவ்வளவு மூச்சு இழுக்கிறதோ அவ்வளவுக்குப் பிஸ்ரன் மேலெழும். பிஸ்ரனின் அடியில் ஓர் ஊசி. அது பெற்றோல் வரும் துளைக்குள் இறங்கி நிற்கும். பிஸ்ரன் எழ எழ ஊசியின் மெல்லிய பகுதி துளைக்கு வரும், பெற்றோல் கூடும். மூச்சுக்கு ஏற்ற உணவு. அவ்வளவுதான் சூத்திரம்.

மாமா உடனே காபரேற்றரைத் தொடவில்லை. முதலில் வால்வு இடைவெளியைப் பார்த்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு. பிறகு பொயின்ற் இடைவெளி, ஆயிரத்தில் பதினைந்து. பிறகு தீப்பொறி விழும் நேரம். "காபரேற்றர் எண்டு பேசுற குறையில பாதி காபரேற்றர்ல இருக்காது மனே" என்றார். குடும்பங்களிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என்ஜினைச் சூடேற விட்டார். அதற்கு முன்பே அடியில் உள்ள நட்டை முழுதாக மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்றுக் கீழே இறக்கி வைத்திருந்தார். அது தொடக்க இடம். நட்டை இறக்கினால் பெற்றோல் கூடும், ஏற்றினால் குறையும். பிறகு ஒரு துண்டு இறப்பர்க் குழாயை எடுத்து ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை மனிபோல்ட் இணைப்புகளின் ஓரத்திலும் வைத்துச் சுற்றிவந்தார். எங்காவது களவாகக் காற்று இழுத்தால் சீறல் கேட்கும். எங்கள் ஊரில் நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்கள் அல்லவா? மாமா நின்ற நிலை அதுவேதான்.

அடுத்தது பிஸ்ரனைச் சற்றே தூக்கிப் பார்ப்பது. ஒரு அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. தூக்கியதும் என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். உடனே தளர்ந்து நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் இலேசாகக் கூடி மறுகணம் பழைய நிலைக்கு வந்தால் சரி. மாமா நட்டை ஆறில் ஒரு பங்காகத் திருகித் திருகி அந்த இடத்தைப் பிடித்தார். என்ஜின் தாலாட்டுப் போல ஓடியது. பானட்டின் மேல் வைத்த தேநீர்க் கோப்பையில் தேநீர் அலம்பவில்லை.

இது 2022 ஆகஸ்ட். கியூ.ஆர். அட்டைக்கு ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல்தான். அந்த மாதந்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறி, கரையோர மீனவர் வயிற்றில் அடித்தது. ஓடிப் பார்ப்பதற்கென்று பெற்றோலை விரயமாக்க ஒருவருக்கும் மனம் வராது. அம்மாவைப் பின் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் புதுப்பாலம் வரை மட்டும் போய்வரத் தீர்மானித்தோம்.

சமநிலத்தில் கார் நன்றாக ஓடியது. பாலத்தின் ஏற்றத்தில் அக்சிலேற்றரை மிதித்தபொழுது ஒரு செருமல். காபரேற்றரின் பக்கமாக ஒரு சிறு துப்பல். பிறகு சரி. மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் மாற்றமில்லை. "நல்லாப் போகுது" என்றார்.

நேயர்களே, இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது கேட்டது. நாற்பது வருட என்ஜின் இரைச்சல் மாமாவின் காதைத் தின்றிருந்தது. மெல்லிய ஒலிகள் அவருக்குக் கேட்பதில்லை. அதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டதைச் சொன்னால் அவர் மனம் நோகுமே என்று ஒரு காரணம். வேலை முடிந்துவிட்டதென்று நம்ப எனக்கும் ஆசை என்பது உண்மையான காரணம். "ஓம் மாமா, நல்லாப் போகுது" என்றேன்.

பின் ஆசனத்திலிருந்து அம்மாதான் சொன்னா: "அண்ணன், கோவிக்காதீங்க. ஏத்தத்துல இது செருமுது. இவங்கட அப்பா ஓட்டேக்க மண்ணெண்ணெயில கூட இப்பிடிச் செருமல."

மாமா காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். சிறிது நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "உனக்கும் கேட்டதா மனே?" என்றார். நான் தலை குனிந்தேன். "அதச் சொல்லத்தானே உனக்குக் காது. எனக்கு இப்ப எல்லாம் கேக்கிறல்ல. நீ சொன்னாத்தானே எனக்குத் தெரியும்" என்றார். குரலில் கோபமில்லை. அம்மா பக்கம் திரும்பி, "தங்கச்சி, மறுகா ஒருக்காப் போவம். எந்த இடத்தில எண்டு சொல்லுங்க" என்றார்.

மறுபடியும் ஏறினோம். அம்மா இடத்தைச் சொன்னா. வீட்டுக்கு வந்து பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். கபில நிறமாக இருக்க வேண்டியவை வெண்சுண்ணாம்பு பூசியது போல இருந்தன. பாரம் ஏறும்பொழுது பெற்றோல் போதவில்லை என்பதற்கு அது அடையாளம்.

காரணத்தை மாமா விளக்கினார். நட்டைத் திருகி நாம் சரிசெய்தது கார் நின்றபடி ஓடும்பொழுதுள்ள கலவையை. அப்பொழுது ஊசியின் தடித்த மேற்பகுதிதான் துளைக்குள் நிற்கும். ஏற்றத்தில் பிஸ்ரன் எழுந்ததும் துளைக்கு வருவது ஊசியின் கீழ்ப்பகுதி. வந்த ஊசி மினியின் 848 சீ.சீ. என்ஜினுக்காகச் சீவப்பட்டது. நட்டை இன்னும் இறக்கினால் ஏற்றத்தில் செருமல் போகும். ஆனால் நிற்கும்பொழுதெல்லாம் கறுப்புப் புகையோடு பெற்றோலைக் குடிக்கும். ஊசியின் உருவத்தை நட்டால் மாற்ற முடியாது. ஊசியைத்தான் மாற்ற வேண்டும்.

மறுநாள் ஒரு பழைய பிஸ்கற் தகரத்தோடு வந்தார். உள்ளே எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய ஊசிகள். கழித்த கார்களிலிருந்து ஆண்டுக்கணக்காக எடுத்து வைத்தவை. ஊசியின் தலையில் எழுத்து வெட்டியிருக்கும். அவர் ஒவ்வொன்றாக நீட்ட, நான் வாசித்தேன். 1098 க்கு உரிய எழுத்து வந்ததும், "அதுதான்" என்றார். ஊசியின் தோளைப் பிஸ்ரனின் அடிமட்டத்தோடு சமமாக வைத்து, நகத்தால் தடவிப் பார்த்து, சிறிய திருகாணியை இறுக்கினார். பிஸ்ரனைத் தூக்கி விட்டார். 'டிக்' என்று தடையில்லாமல் விழுந்தது. மேலே தணிப்புக் குழாய்க்குச் சில துளி மெல்லிய எண்ணெய். பிறகு மறுபடியும் நட்டு, மறுபடியும் குழாய். இம்முறை குழாயை என் காதில் வைத்தார். "நீ கேட்டுச் சொல்லு. நான் திருகிறன்."

அன்று பாலத்தில் கார் செருமவில்லை.

நின்ற இடத்தில் இனிமையாகப் பேசுவது கார்களுக்கும் மனிதருக்கும் எளிது. பாரத்தோடு ஏற்றத்தில் ஏறும்பொழுதுதான் உள்ளே என்ன ஊசி இருக்கிறதென்று தெரியும். அப்பொழுது எழும் செருமலைக் கேட்பது மட்டும் போதாது. கேட்டதைச் சொல்லவும் வேண்டும். நான் சொல்லாமல் விட்டதை ஒரு தாய் சொன்னா.

தேருக்குப் போனோம். மண்முனைப் பாலத்தின் நடுவில் அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னா. பழைய துறை இருந்த பக்கத்தைப் பார்ப்பா என்று எதிர்பார்த்தேன். அவ கண்ணை மூடி, என்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தா.