யோசனை ஒருத்தியுடையது, பெயர் இன்னொருத்தியுடையது

நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ தத்துவமோ பேசுவதுதான் வழக்கம். கொலைப் படத்தைப் பேசலாமா என்று நான் கேட்டபோது அமைப்பாளர்கள் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முடிவைச் சொல்லாமல் இந்தக் கதையைப் பேச இயலாது. பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கதை ஒன்று, படங்கள் இரண்டு. முதலாவது, பிரெஞ்சு இயக்குநர் அலேன் கொர்னோ நத்தலி கார்ட்டருடன் சேர்ந்து எழுதி 2010-இல் எடுத்த 'க்ரீம் தாமூர்'. கொர்னோ நமக்கு முழுக்க அந்நியர் அல்லர். 1989-இல் அவர் எடுத்த இந்தியப் பயணப் படத்தின் நாயகன் பம்பாயிலிருந்து மதராஸுக்கும் அங்கிருந்து கோவாவுக்கும் அலைகிறான். 'க்ரீம் தாமூர்' 2010 ஆகஸ்டில் திரைக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் கொர்னோ புற்றுநோயால் மறைந்தார். அதுவே அவருடைய கடைசிப் படம். இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கரான பிரையன் டி பால்மா அதே கதையைப் பெர்லினுக்குக் கொண்டுபோய் 'பேஷன்' என்ற பெயரில் எடுத்து வெனிஸ் விழாவில் திரையிட்டார்.

கதை இதுதான். ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கிளையில் கிறிஸ்டின் மேலதிகாரி, இஸபெல் அவளுக்குக் கீழே வேலை செய்பவள். இஸபெல் ஒரு திட்டத்தை யோசித்து முடிக்கிறாள். தலைமையகத்தின் முன்னால் கிறிஸ்டின் அதைத் தன்னுடையது என்று சொல்லிவிடுகிறாள். கேட்டால், நாமெல்லாம் ஒரே குழுதானே என்று சிரிக்கிறாள். இஸபெல் அடுத்த முறை மேலதிகாரியைத் தாண்டித் தன் பெயரை முன்வைக்கிறாள். அங்கே தொடங்கும் அவமதிப்புகள் கொலையில் முடிகின்றன. மாமியார்-மருமகள் கதைக்கு ஏசி அறை போட்டிருக்கிறார்கள் என்று இதை ஒதுக்கிவிடலாம். பலர் அப்படித்தான் ஒதுக்கினார்கள். நான் ஒதுக்க மாட்டேன்.

பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்ற சொத்தை வாதத்துக்கு இந்தப் படங்களைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. கிறிஸ்டினுக்கு வேண்டியது நியூயார்க்கில் ஒரு பதவி. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் மேலே இருக்கும் ஆண்கள். அவர்கள் முன் வைக்க அவளுக்கு ஒரு யோசனை தேவை. அந்த யோசனை இஸபெலின் மேசையில் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாள். பொறாமையால் அவள் திருடவில்லை. அந்த நிறுவனத்தில் மேலே ஏறுவதற்கான நடைமுறையே அதுதான். அவளும் அப்படித் தன் யோசனையைப் பறிகொடுத்து வந்தவளாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. படம் அதைச் சொல்லவில்லை.

இந்தத் திருட்டு சினிமாவுக்குப் புதிதல்ல. 1988-இல் மைக் நிக்கல்ஸ் எடுத்த 'வொர்க்கிங் கேர்ள்' படத்திலும் செயலாளர் பெண்ணின் யோசனையை மேலதிகாரிப் பெண் தனதாக்கிக்கொள்கிறாள். ஆனால் அது நகைச்சுவைப் படம். கடைசியில் ஒரு பெரிய முதலாளி வந்து நியாயம் வழங்கி, செயலாளருக்குத் தனி அறை கொடுத்துவிடுவார். கொர்னோவின் உலகில் அப்படி ஒரு முதலாளி கிடையாது. முறையிட இடமில்லாதவளின் கதை என்பதால்தான் இது த்ரில்லர் ஆகிறது.

கொர்னோ படத்தின் நடுவிலேயே கொலையைக் காட்டிவிடுகிறார். கொன்றவள் இஸபெல் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. பிறகு அவள் செய்வதுதான் விசித்திரம். தனக்கு எதிரான தடயங்களைத் தானே பரப்புகிறாள். மாத்திரை மயக்கத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கைதாகிறாள். சிறைக்குள்ளிருந்தபடியே அந்தத் தடயங்களை ஒவ்வொன்றாகத் தானே உடைக்கிறாள். எல்லாம் உடைந்ததும், மிச்சமிருக்கும் சந்தேகம் முழுதும் கிறிஸ்டினின் காதலன் பிலிப் தலையில் விழுகிறது. எப்படி முடிந்தது அவளால்? அவள் நல்ல ஊழியர். கோப்பு தயாரிக்கத் தெரியும். எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்று கூட்டத்துக்கு முன்பே கணித்து வைக்கத் தெரியும். எந்தத் தாளை எந்த நேரத்தில் மேசையில் வைக்க வேண்டும் என்பதும் தெரியும். கிறிஸ்டினிடம் கற்ற வேலையை வைத்தே கிறிஸ்டினைக் கொன்று, அதே நேர்த்தியோடு விசாரணையையும் நடத்தி முடிக்கிறாள். உணர்ச்சிவசப்பட்ட பெண் என்று நீதித்துறை அவளை எடைபோடும்போது, படத்திலேயே மிகக் குளிர்ந்த மூளை அவளுடையது. இவ்வளவு வறட்சியாக, கிட்டத்தட்ட ஓர் ஆண்டறிக்கையைப் போல எடுக்கப்பட்ட பழிவாங்கல் படத்தை நான் வேறு பார்த்ததில்லை. அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

டி பால்மாவுக்கு இந்த வறட்சி ஒத்துவராது. கொன்றது யார் என்பதை மறைக்கிறார். திரையை இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் டெபுஸ்ஸியின் இசைக்கு நடக்கும் பாலே நடனத்தையும் மறுபக்கம் கிறிஸ்டின் வீட்டையும் காட்டுகிறார். நடனக் கலைஞர்கள் நம்மையே நேராகப் பார்க்கிறார்கள். நாமும் இஸபெல் அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்பிவிடுகிறோம். பீனோ டொனாஜியோவின் இசை வேறு நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. கனவுக்குள் கனவு, இறந்துபோன இரட்டைச் சகோதரி, முகமூடி என்று கடைசி அரைமணி நேரம் அவருடைய பழைய படங்களின் கண்காட்சி. எனக்கு அது சற்றுத் திகட்டியது.

ஆனால் அவர் செய்த இரண்டு மாற்றங்கள் கூர்மையானவை. கொர்னோவின் நடிகைகளான கிறிஸ்டின் ஸ்காட் தாமஸுக்கும் லுடிவின் சான்யேவுக்கும் ஏறத்தாழ இருபது வயது இடைவெளி. அங்கே குருவும் சீடப்பெண்ணும் மோதுகிறார்கள். டி பால்மா தேர்ந்தெடுத்த ரேச்சல் மெக் ஆடம்ஸும் நூமி ரபாஸும் ஏறக்குறைய ஒரே வயதினர். அனுபவம் என்ற சாக்கு அங்கே கிறிஸ்டினுக்கு இல்லை. நாற்காலி மட்டும்தான் வித்தியாசம்.

இரண்டாவது மாற்றம் உதவியாளர். கொர்னோவில் இஸபெலின் உதவியாளன் டானியல் என்ற ஆண். டி பால்மா அவனை டானி என்ற பெண்ணாக்கினார். கரோலின் ஹெர்ஃபர்ட் நடித்த அந்த டானியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். ஆனால் யாரும் பேசுவதில்லை. பெர்லின் கதையில் திருடப்படும் யோசனை ஒரு செல்போன் விளம்பரம். ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் போனைச் செருகி, தெருவில் திரும்பிப் பார்க்கும் கண்களையெல்லாம் படம்பிடிக்கிறார்கள். அந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு நடந்தவள் டானி. யோசனை இஸபெலுடையது, பெயர் கிறிஸ்டினுடையது என்று நாம் கொதிக்கும்போது, நடந்த உடம்பு யாருடையது என்று இஸபெலும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. தன் பெயர் பறிபோனதற்காகக் கொலைவரை போகிறவள், தனக்குக் கீழே இருப்பவளின் பங்கை ஒருமுறைகூட எங்கும் சொல்வதில்லை.

டானி பதவி கேட்கவில்லை. அவள் கேட்டது இஸபெலை. அது கிடைக்காது என்று தெரிந்தபோது, கொலை இரவில் தன் செல்போனில் எடுத்து வைத்திருந்த காட்சிகளைக் காட்டி மிரட்டுகிறாள். கிறிஸ்டின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான இஸபெலின் அழுகையை விருந்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டிச் சிரித்தாளே, அதே ஆயுதம்தான். இப்போது அது கீழே இருந்தவளின் கைக்கு வந்திருக்கிறது. இஸபெல் அதற்கு அளிக்கும் பதில் டானியின் கழுத்தை நெரிப்பது. கிறிஸ்டின் ஊழியர்களின் யோசனையைத்தான் எடுத்துக்கொண்டாள், உயிரை எடுக்கவில்லை.