பருவுக்கு அமிலக் களிம்பு

முகப்பருவுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் களிம்புகளில் ஒன்று அசெலாயிக் அமிலம். கோதுமை, பார்லியில் இயற்கையாகவே இருப்பதுதான். பருவை உண்டாக்கும் கிருமியை அடக்கும். நம் மாநிறத் தோலில் பரு விட்டுப்போகும் கருமையையும் மங்கச் செய்யும்.

பூசியவர்கள் பலரும் சொல்வது ஒன்றே: முதல் சில நாள் சுருக்கென்று எரியும், அரிக்கும், தோல் உரியும். பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரியவே நான்கு வாரம் ஆகலாம். நன்றாகத் தெரிய மூன்று மாதம். முகம் கழுவி, ஈரம் உலர்ந்தபின் பட்டாணி அளவு போதும். எரிச்சல் தாங்காவிட்டால் மருத்துவரிடம் கேட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் பூசலாம்.

உண்மையான ஆபத்து இந்த எரிச்சல் அல்ல, ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள். சில நாளில் முகம் பளபளக்கும். பிறகு பரு பெருகும், தோல் மெலியும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாதென்று கட்டுப்படுத்தியது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கியோ, பொன்னமராவதியோ, எந்த ஊரானாலும் தோழி சொன்னாள், கடைக்காரர் கொடுத்தார் என்று எதையும் முகத்தில் பூசாதீர்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்த் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் பருவைக் கேலி செய்யாமல், பெற்றோரே உடன் அழைத்துச் செல்லுங்கள்.