முக்காற்புள்ளிக்குப் பின்னால் வரும் ஆண்டு

செங்கத்திலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பொறியியல் பட்டம் பெறும் மாணவ மாணவியரே!

கனவு காணுங்கள், உழையுங்கள், பெற்றோரை மறக்காதீர்கள் என்றெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் நான்கு வருடமாகச் சொல்லியிருப்பார்கள். அதையே நானும் சொன்னால் உங்கள் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதனால் நீங்கள் 'கோட் புக்' என்று சொல்லும் தர நிர்ணயப் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கான்கிரீட்டுக்கான அந்தப் புத்தகத்தின் அட்டையில் ஐ.எஸ். 456 : 2000 என்று அச்சாகியிருக்கும். 456 உங்களுக்கு மனப்பாடம். முக்காற்புள்ளிக்குப் பின்னால் நிற்கும் 2000-த்தை எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள்? முதலில் 1953-இல் வந்த தர நிர்ணயம் அது. 1957, 1964, 1978, 2000 என்று நான்கு முறை திருத்தி எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் களத்தில் பார்த்ததைக் கொண்டுவந்து, பழைய வரி போதாது என்று வாதாடியிருக்கிறார். தேர்வுக்குப் படிக்கும்போது அந்தப் பக்கங்கள் வேதவாக்குபோலத் தோன்றும். நேற்று வரை மனிதர்கள் பட்டறிந்ததன் தொகுப்புதான் அது. இன்று பட்டறிவதை யாரும் அதில் சேர்க்காவிட்டால், புத்தகம் அலமாரியில் இருந்தபடியே பழசாகிவிடும்.

இதற்கு நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. உள்நாட்டுக்குள் வந்து ஓய வேண்டிய மழை ஓயவில்லை. பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிச் சாத்தனூர் அணைக்கு வந்து சேர, அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை இலட்சம் கனஅடிக்கு மேல் திறக்க வேண்டியதாயிற்று. அகரம்பள்ளிப்பட்டில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, அந்த ஆண்டு செப்டம்பரில் திறந்த உயர்மட்டப் பாலம் மூன்றே மாதத்தில் வெள்ளத்தோடு போனது. வினாடிக்குச் சுமார் 54 ஆயிரம் கனஅடி என்ற கணக்கில் அது வடிவமைக்கப்பட்டது என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். அதே மழையில், டிசம்பர் 1 அன்று, அண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

யார் மேல் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. அந்த வடிவமைப்பு எண் என்றால் என்ன என்பதை மட்டும் உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

பாலம் கட்டுபவர் ஆற்றின் பழைய பதிவுகளைப் புரட்டி, நூறாண்டு வெள்ளம் இவ்வளவு என்று ஓர் எண்ணை எடுக்கிறார். நூறாண்டுக்கு ஒருமுறைதானே வரும் என்று நாமும் நிம்மதியடைகிறோம். அதன் பொருள் வேறு. எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் கணக்கு. முப்பது ஆண்டு நிற்கும் கட்டுமானம் அதைச் சந்திக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். நூறாண்டு நின்றால் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும். அந்த எண்ணும் பழைய மழையிலிருந்து பிறந்தது. மழை குணம் மாறினால் எண்ணும் மாற வேண்டும். மாற்ற வேண்டுமானால், இந்த முறை தண்ணீர் எந்தத் தூணில் எந்த உயரம் வரை ஏறியது என்று யாராவது குறித்து வைத்திருக்க வேண்டும்.

நில அதிர்விலும் இதே கதைதான். ஐ.எஸ். 1893 என்ற தர நிர்ணயம் 1962-இல் வந்தது. பழைய அதிர்வுகளின் பதிவை ஒட்டியே நாட்டின் வரைபடம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. மராட்டியத்தின் கிள்ளாரி, ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் அங்கே நில அதிர்வில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பதிவு இல்லை என்பதை ஆபத்து இல்லை என்று படித்ததன் விலை அது. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் பூஜ் நடுங்கியது. 2002 திருத்தத்தில் முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. நகரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பற்றிய நம் அறிவு நகர்ந்தது.

உயிர்ப்பலி நடந்தால்தான் புத்தகம் திருந்துமா? அப்படி இருக்கக் கூடாது என்பதற்குத்தான் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 1947 ஜனவரியில் இந்தியத் தரக் கழகமாகத் தொடங்கி, இன்று இந்தியத் தர நிர்ணய அமைவனமாக இருக்கும் நிறுவனம், தன் ஒவ்வொரு தர நிர்ணயத்தையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபார்வைக்கு எடுக்க வேண்டும். அப்போது நான்கு வழிகள் உண்டு: அப்படியே உறுதி செய்யலாம், சிறு திருத்தச் சீட்டு ஒட்டலாம், முழுதாகத் திருத்தி எழுதலாம், பயனற்றதென்று விலக்கிக்கொள்ளலாம். அடிக்கடி மாற்றினால் ஆலைக்காரரும் ஒப்பந்தக்காரரும் பாடநூல் எழுதுபவரும் தடுமாறுவார்கள். மாற்றாமலே விட்டால் ஆறும் மலையும் நம்மைத் தாண்டிப் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவே பேராசிரியர்கள், ஆலைப் பிரதிநிதிகள், அரசுப் பொறியாளர்கள், நுகர்வோர் தரப்பினர் குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாதாடுகிறார்கள். வரைவு தயாரானதும் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடுகிறார்கள். அதைப் படித்துக் கருத்து எழுத உங்களுக்கும் உரிமை உண்டு.

களம் சொல்லிப் புத்தகம் மாறியதற்கு நம் கண்ணெதிரே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜல்லி, மணலுக்கான ஐ.எஸ். 383-இன் 1970 பதிப்பு, இயற்கை மூலங்களிலிருந்து கிடைப்பவை என்று தலைப்பிலேயே எல்லை கட்டியிருந்தது. ஆற்றுமணல் அருகியது. வேறு மூலங்களைத் தேட வேண்டியதாயிற்று. 2016 திருத்தத்தில் அந்தச் சொற்கள் தலைப்பை விட்டுப் போயின. உருக்காலைக் கசடும், இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டிலிருந்து மீட்ட ஜல்லியும் நிபந்தனைகளோடு உள்ளே வந்தன. நடுவே கழிந்தவை 46 ஆண்டுகள்.

புத்தகம் மாறினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. கம்பி கட்டிப் போடும் கான்கிரீட் குறைந்தது எம் 15 என்ற வலிமைத் தரத்தில் இருந்தால் போதும் என்றது ஐ.எஸ். 456-இன் 1978 பதிப்பு. எம் 20 வேண்டும் என்றது 2000 பதிப்பு. கம்பி துருப்பிடித்துக் கட்டடம் சீக்கிரம் சாவதைப் பார்த்த பிறகு வந்த மாற்றம் அது. இன்று ஒரு சைட்டுக்குப் போய் மேஸ்திரியிடம் கலவை என்ன என்று கேளுங்கள். "ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலு சார்" என்று சொல்பவர் இன்னும் இருக்கிறார். சிமென்ட், மணல், ஜல்லிக்கான அந்த விகிதம் பழைய எம் 15. அவரைக் குறை சொல்லாதீர்கள். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய குரு. புதிய வரியை அவர் காதில் போடும் வேலை எவருக்கும் ஒதுக்கப்படவில்லை. இனி அது உங்கள் வேலை. அதிகாரத்தோடு உத்தரவிடாமல், ஒரு டீ வாங்கிக் கொடுத்து ஏன் என்று சொல்லுங்கள். காரணம் புரிந்த கை மாறும்.

அளவை எல்லோருக்கும் எட்டும்படி வைப்பது நமக்குப் புதிதல்ல. சோழர் காலத்தில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். 12 சாண் கோல், 16 சாண் கோல் என்று பல கோல்கள் வழங்கின. அளவில் வழக்கு வந்தால் வரி வாங்குபவரும் வரி கொடுப்பவரும் ஒரே சுவர் முன்னால் நின்று சரிபார்த்துக்கொள்ளலாம். அளவு எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற அந்த நியாயம் இன்றைக்கும் செல்லும். முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த இந்தியத் தர நிர்ணயங்களை இன்று இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நகல் கடையில் வாங்கிய, ஆண்டு தெரியாத பழைய பிரதியை வைத்துக்கொண்டு வேலை பார்க்க இனி சாக்கு இல்லை.

ஆகவே மூன்று காரியங்கள் கேட்கிறேன். எந்தத் தர நிர்ணயத்தைத் திறந்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள்; திருத்தச் சீட்டு உண்டா என்று தேடுங்கள். வேலை பார்க்கும் இடத்தில் வெள்ளத் தடம், விரிசல், துரு எதைக் கண்டாலும் தேதியோடும் அளவோடும் எழுதி, படம் எடுத்து வையுங்கள். தலைமைப் பொறியாளர் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு வரைவையாவது படித்து, உங்கள் ஊர் அனுபவத்தோடு கருத்து அனுப்புங்கள். டெல்லியில் கூடும் குழுவுக்குத் தென்பெண்ணையின் குணம் தானாகத் தெரிந்துவிடாது. தண்டராம்பட்டிலிருந்து ஒருவர் எழுதினால்தான் தெரியும்.

பட்டம் கையில் வந்துவிட்டது. இதுவரை அந்தப் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தீர்கள். இனி அதை எழுதுகிறவர்களில் நீங்களும் உண்டு. நீங்கள் கட்டுவதெல்லாம் நிலைத்து நிற்க வாழ்த்துகிறேன்.