ப்ராஜெக்ட் பேச்சு எந்த ஆப்ல நடக்கணும்?

அடிக்கடி வர்ற கேள்வி இது: "ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம். வாட்ஸ்அப் குரூப் போதுமா, டிஸ்கார்டா?"

நான் நொச்சிக்குப்பம், அதனால கடல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனல்னு ஒண்ணு உண்டு. உலகம் முழுக்க அதே 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்துன்னாலும், இன்னொரு படகைக் கூப்பிடணும்னாலும் அதுலதான் கூப்பிடணும். ஆள் கிடைச்சதும் பேச்சை வேற சேனலுக்கு மாத்திடணும். ரேடியோ எந்தக் கம்பெனியோடதுன்னு யாரும் கேக்கறதில்லை.

சாஃப்ட்வேர்ல இதுக்குக் கிட்ட வர்றது 1988ல வந்த ஐஆர்சி. 2021 மே மாசம் ஃப்ரீநோட் நெட்வொர்க்கோட நிர்வாகம் கைமாறினதுல தகராறு. அதை நடத்திட்டிருந்த வாலண்டியர்கள் மொத்தமா வெளியேறி லிபரா சாட் ஆரம்பிச்சாங்க. உபுண்டு, விக்கிமீடியா எல்லாம் பின்னாலேயே போயிட்டாங்க. "நாங்க லிபராவுக்குப் போறோம்"னு டாபிக்ல எழுதின நூற்றுக்கணக்கான சேனல்களை ஃப்ரீநோட் பறிச்சுக்கிச்சு. ஆனாலும் பழைய ஐஆர்சி சாஃப்ட்வேர்லயே சர்வர் முகவரியை மட்டும் மாத்தி எல்லாரும் பேச்சைத் தொடர முடிஞ்சது. நெறிமுறை பொதுச்சொத்தா இருந்ததோட பலன் அது.

ஸ்லாக்ல அந்த வசதி கிடையாது. 2022 செப்டம்பர்லேர்ந்து இலவசக் கணக்குல கடைசி 90 நாள் மெசேஜ்தான் தெரியும். ஒருத்தர் ராத்திரி முழிச்சு ஒரு எரருக்குத் தீர்வு எழுதியிருப்பார்; நாலு மாசம் கழிச்சு வர்ற பொண்ணு அதே கேள்வியை மறுபடி கேக்கணும்.

வாட்ஸ்அப்? எல்லார் கையிலயும் இருக்கு, லேப்டாப் இல்லாத பசங்களும் வந்துடுவாங்க. அது சின்ன விஷயம் இல்லை. ஆனா குரூப்ல 1024 பேர் வரைக்கும் இருக்கலாம், அத்தனை பேருக்கும் உங்க நம்பர் தெரியும். ஒரு பக் சொல்ல வந்த காலேஜ் பொண்ணு எதுக்கு அந்த விலை கொடுக்கணும்? பல பெண்கள் சத்தமில்லாம வெளியே போறதுக்கு இதுவும் காரணம்னு நான் நினைக்கிறேன்.

என் ஓட்டு மேட்ரிக்ஸுக்கு. நம்பர் தேவையில்லை, சர்வரை நாமே நடத்தலாம். மொசில்லா 2020லயே ஐஆர்சியை மூடிட்டு அங்க போயிட்டாங்க. முதல் தடவை லாகின் பண்ணும்போது சாவி, வெரிஃபிகேஷன்னு கொஞ்சம் படுத்தும், பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேணும். வாட்ஸ்அப்பை அறிவிப்புக்கு மட்டும் வெச்சுக்கோங்க, அட்மின் மட்டும் எழுதுற மாதிரி.

டிஸ்கார்டு வாய்ஸ் ரூம் அருமை, மறுக்கல. ஆனா உள்ளே பேசினது கூகுள்ல வராது. அதனால முடிவு எதுவா இருந்தாலும், அன்னைக்கே ரெப்போவில் ஒரு இஷ்யூவா எழுதிப் போட்டுடுங்க.