பெட்ரோல் பஞ்சத்துல கிடைச்ச மூச்சு

ஸ்கூபான்னு சொன்னதும் அந்தமான் ட்ரிப், கலர் மீன், இன்ஸ்டா ரீல்ஸ் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தக் கருவி உருவானது இரண்டாம் உலகப்போர் நடுவுல.

இன்னைக்கு நாம பேசப்போறது ஜாக் கூஸ்தோ பத்தி. பிற்காலத்துல சிவப்புத் தொப்பியோட டிவியில வந்த அதே மனுஷர்தான். அப்போ அவர் பிரெஞ்சுக் கடற்படையில பீரங்கி அதிகாரி. விமானி ஆகணும்னு ஆசை. 1936-ல் ஒரு கார் விபத்து அந்த ஆசைய முடிச்சு வச்சிருச்சு. அதே வருஷம் கடற்படை நண்பர் பிலிப் தாயே ஒரு நீச்சல் கண்ணாடி கொடுக்கிறார். அதோட கடல் பைத்தியம் பிடிச்சிருச்சு.

1940-ல் பிரான்ஸ் ஜெர்மனிகிட்ட தோத்துப் போகுது. கப்பல்கள் தூலோன் துறைமுகத்துல முடங்கிக் கிடக்கு. அந்தக் காலத்துலதான் கூஸ்தோ தண்ணிக்கு அடியில படம் எடுக்க ஆரம்பிக்கிறார். சினிமா பிலிமுக்குப் பஞ்சம். ஸ்டில் கேமராவுக்கான குட்டி ரோல்களை வாங்கி, இருட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீளமாக்குறாங்க. கேமராவுக்குத் தண்ணி புகாத ஒரு பெட்டி. முதல் படத்துக்கு மூச்சுக் கருவியே கிடையாது. மூச்சை அடக்கிட்டு எடுத்ததுதான் எல்லாம்.

1942 நவம்பர் 27. ஜெர்மானியர் கையில சிக்கக் கூடாதுன்னு பிரெஞ்சுக் கடற்படை தன் கப்பல்களைத் தானே தூலோன்ல மூழ்கடிக்குது.

அதே சமயம் பாரிஸ்ல எமில் காக்னான்னு ஒரு இன்ஜினியர். பெட்ரோல் இல்லாததால கார்கள் விறகு, கரியில இருந்து வர்ற வாயுவுல ஓடுது. நம்ம ஊர்லயும் அப்போ கரி பஸ் ஓடுச்சு, தாத்தா பாட்டி சொல்லியிருப்பாங்க. அந்த மாதிரி வண்டிக்கு அவர் செஞ்ச வால்வுதான் கூஸ்தோவோட பிரச்சினைக்கு விடை. 10 மீட்டர் இறங்கினாலே உடம்பு மேல அழுத்தம் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்துக்குச் சமமான காத்து, மூச்சு இழுக்கும்போது மட்டும் வரணும். இந்த வால்வு அதைச் செஞ்சது. 1943-ல் மார்ன் ஆத்துல சோதனை, அப்புறம் கடல். அந்தக் கருவியோட மூழ்கின கப்பல்களைப் படம் பிடிச்சாங்க.

1945-ல் அந்தப் படத்தைப் பார்த்த கடற்படை, ஒரு ஆய்வுக் குழு அமைக்க அனுமதி கொடுத்துச்சு. போர் விட்டுப்போன கண்ணிவெடிகளைத் தேடி எடுக்குறதும் அவங்க வேலை.

ஆனா எவ்வளவு ஆழம் போகலாம்னு யாருக்கும் தெரியாது. ஆழத்துல நைட்ரஜன் மூளைய மயக்கும், குடிச்ச மாதிரி ஒரு போதை. 1947-ல் குழுவில இருந்த மோரிஸ் ஃபார்க் ஒரு கயித்தைப் பிடிச்சு இறங்கினார். வழி நெடுக சிலேட்டுகள், எட்டின ஆழத்துல கையெழுத்துப் போடணும். அவரோட கையெழுத்து சுமார் 120 மீட்டர்ல இருந்துச்சு. மேல இழுத்தப்போ மூச்சுக்குழாய் வாயில இல்ல. அவரைக் காப்பாத்த முடியல.

இன்னைக்கு டைவிங் கத்துக்கப் போனா, "இத்தனை மீட்டருக்குக் கீழ போகாதீங்க"ன்னு சொல்லிக் கொடுப்பாங்க. அதை ஏதோ ஃபார்மாலிட்டின்னு நினைச்சுக்காதீங்க மக்களே. அந்த எல்லைகளுக்குப் பின்னாடி இப்படிப் போன உயிர்கள் இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!