புலம்பலும் நம்பிக்கையே

துன்பம் வருவது ஒன்று. துன்பத்தில் இறைவன் கைவிட்டுவிட்டான் என்று தோன்றுவது மற்றொன்று. முன்னது உடலையும் உடைமையையும் உறவையும் தாக்குகிறது. பின்னதோ, இவற்றையெல்லாம் இழந்த பிறகும் மனிதன் ஊன்றி நின்ற ஒரே கோலையும் பறித்துக்கொள்கிறது. நோயாளிக்கு மருத்துவம் உண்டு. வறியவனுக்கு ஈவார் உண்டு. தன் மன்றாட்டு எவர் செவியிலும் விழவில்லை என்று எண்ணிவிட்டவனுக்கு என்ன உண்டு? இவ்வினாவுக்குக் கிறித்தவ சமயம் தரும் விடை, தருக்க நூல்களைவிட விவிலியத்தின் புலம்பல் பாடல்களிலேயே தெளிவாகக் கிடைக்கிறது. ஆதலின் இலக்கிய அவையொன்றில் இதனை ஆராய்தல் பொருத்தமே.

உலகின் துன்பம் கண்டு படைத்தவனை நொந்துகொள்ளுதல் தமிழுக்குப் புதிதன்று. ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்கக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், இவ்வாறு படைத்தவன் பண்பற்றவன் என்று புறநானூற்றின் 194ஆம் பாடலில் கூறினார். இரந்துதான் உயிர்வாழ வேண்டும் என்னும் நிலை இருக்குமாயின், உலகை இயற்றியவனே அலைந்து கெடட்டும் என்று 1062ஆம் குறளில் வள்ளுவர் சினந்தார். இரண்டும் உயர்ந்த அறச்சீற்றங்கள். எனினும் இலக்கண நோக்கில் ஒன்றைக் கருதவேண்டும். ஈரிடத்தும் படைத்தவன் படர்க்கையில் நிற்கிறான். அவனைப் பற்றிப் பேசப்படுகிறதேயன்றி, அவனோடு பேசப்படவில்லை.

மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பத்தில் இந்நிலை மாறுகிறது. அதன் 50 பாடல்களும் இறைவனை முன்னிலைப்படுத்துகின்றன. கைவிடப்படுவோமோ என்னும் அச்சம், கைவிடக்கூடியவனிடமே சொல்லப்படுகிறது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்டவர் கிறித்தவ குருவாகிய ஜி.யு. போப் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சமயங்கள் வேறாயினும், அடியவன் தன் அச்சத்தை ஆண்டவன் முகம் நோக்கியே உரைக்கும் இம்முறை சங்கீதம் பயின்றவர்க்கு அயலானதன்று.

படர்க்கைக்கும் முன்னிலைக்கும் உள்ள இவ்வேறுபாடே யோபு நூலின் திறவுகோலும் ஆகும். மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்த யோபுவைக் காண எலிப்பாசு, பில்தாத்து, சோப்பார் என்னும் நண்பர் மூவர் வருகின்றனர். ஏழு பகலும் ஏழு இரவும் வாய்திறவாது அவன் அருகே தரையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் செய்த பேருதவி அதுவே. பின்னர் வாய் திறந்தனர். இறைவன் நீதியுள்ளவன், ஆகவே துன்புறுகிறவன் குற்றம் செய்திருக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். இறைவனைப் பற்றி இத்துணைப் பேசிய அம்மூவரும், தம் நண்பனுக்காக இறைவனை நோக்கி ஒரு சொல்லும் வேண்டியதாக நூலில் இல்லை.

யோபுவோ தான் பிறந்த நாளைச் சபிக்கிறான், வழக்காடுகிறான், நண்பர்க்கு விடை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர்களை விட்டு இறைவன் பக்கம் திரும்பிவிடுகிறான். 38ஆம் அதிகாரத்தில் இறைவன் சூறாவளியினின்று பேசுகிறார். யோபு துன்புற்றது ஏன் என்பதற்கு அங்கும் விளக்கம் இல்லை. யோபுவும் தன் அறிவின் எல்லையை உணர்ந்து அடங்குகிறான். ஆயினும் இறுதியாகிய 42ஆம் அதிகாரத்தில், தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபுவே என்று இறைவன் தீர்ப்பளித்து, நண்பரைக் கடிந்துகொள்கிறார். இறைவனுக்காக வாதாடியவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். இறைவனோடு வாதாடியவன் ஏற்கப்பட்டான். துன்புறுவோர்க்கு ஆறுதல் கூறப் புறப்படுவோர் அனைவரும் நின்று எண்ணவேண்டிய இடம் இது.

சங்கீதங்கள் 150. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. அனைவரும் அறிந்த 23ஆம் சங்கீதம் இறைவனை மேய்ப்பனாகப் படர்க்கையில் போற்றித் தொடங்குகிறது. பசும்புல் வெளியிலும் அமைதியான நீர்நிலையிலும் அவர் படர்க்கையிலேயே இருக்கிறார். சாவின் இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கு வந்தவுடன் பாடல் முன்னிலைக்கு மாறிவிடுகிறது. நலமாக இருக்கும்போது பேசப்படும் பொருளாக இருந்தவர், இருளில் பேசப்படும் ஆளாக மாறுகிறார்.

ஆனால் எல்லாப் பள்ளத்தாக்குக்கும் மறுகரை தெரிவதில்லை. 22ஆம் சங்கீதம் கைவிடப்பட்டவனின் கூக்குரலாகத் தொடங்கிப் புகழ்ச்சியில் முடிகிறது. 88ஆம் சங்கீதம் அவ்வாறன்று. விடியலே இல்லாமல், எபிரேய மூலத்தில் இருள் என்னும் சொல்லோடு முடிந்துவிடுகிறது. இதனைத் தொகுத்தவர்கள் ஆறுதலாக ஓரடியைக் கூட்டவில்லை; பாடலை நீக்கவும் இல்லை. மாறாக, பாடகர் தலைவனுக்கு உரியது என்னும் குறிப்போடு வழிபாட்டு நூலில் சேர்த்தார்கள். தனி ஒருவனின் இருள், சபை முழுவதும் சேர்ந்து பாடவேண்டிய பாட்டாயிற்று.

இங்ஙனம் வளர்ந்த புலம்பல் மரபு, கிறித்தவருக்குச் சிலுவையில் தன் ஆழத்தை அடைகிறது. மாற்குவும் மத்தேயுவும் எழுதிய நற்செய்திகளின்படி, இயேசு இறக்குமுன் உரத்த குரலில் எழுப்பிய கூக்குரல் 22ஆம் சங்கீதத்தின் முதலடியே. மாற்கு அதனை அரமேய ஒலியிலேயே எழுதி, கிரேக்கத்தில் பொருளும் தருகிறார். சங்கீதம் புகழ்ச்சியில் முடிவதால், இயேசுவும் அம்முடிவையே கருதினார் என்று விளக்குவோர் உளர். அவ்விளக்கம் அவர் பட்ட வேதனையைப் பாவனையாக்கிவிடக் கூடாது. யோர்தானில் அவர் திருமுழுக்குப் பெற்றபோது வானினின்று குரல் கேட்டது, மலைமேல் உருமாறியபோதும் கேட்டது, கொல்கொதாவில் கேட்கவில்லை. எனினும் ஏன் என்று கேட்ட அவர், இறைவனை ‘என்’ என்று உரிமை கூறியே கேட்டார். விடை மூன்றாம் நாள் வந்தது என்பது கிறித்தவ நம்பிக்கை. இடைப்பட்ட ஓய்வுநாளைப் பற்றி நற்செய்திகள் சொல்வது மிகச் சில சொற்களே. துன்புறுவோரில் பலர் வாழ்வது அந்நாளில்தான்.

அன்னை தெரேசா 1997இல் மறைந்தார். அவருடைய தனிமடல்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது உலகம் வியப்புற்றது. கல்கத்தாவில் தம் பணியைத் தொடங்கிய காலம் முதல், ஏறத்தாழ 50 ஆண்டுகள், இறைவன் தம் உள்ளத்தில் இல்லாதது போன்ற இருளை அவர் உணர்ந்துவந்தார் என்பதை அம்மடல்கள் காட்டின. அவரும் நம்பிக்கையற்றவரே என்று சிலர் முடிவு கட்டினர். அவ்வேதனையை இயேசுவுக்கே மடலாக எழுதியும் வைத்திருந்தார் என்பதை அவர்கள் கருதவில்லை. இல்லாதவனுக்கு எவரும் மடல் எழுதுவதில்லை. விடியற்காலை வழிபாடும், தெருவோரத்தில் கிடந்தவர்களைத் தூக்கும் பணியும் நிற்கவில்லை. உணர்வு வற்றிய பின்னும் உறவு நிற்கக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

நெல்லைச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து காயமுற்றார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். நோயுற்றோர்க்காக 1933இல் அவர் வெளியிட்ட நூல், நோயுற்றிருந்த அவர் கையாலேயே எழுதப்பட்டது. நலமுள்ளவர்கள் எழுதும் ஆறுதல் நோயாளியின் உள்ளத்தை எட்டுவது அரிது என்பதை அவர் பட்டறிந்திருந்தார்.

இரண்டு ஐயங்களுக்கு விடை கூறவேண்டும். இத்தகைய நம்பிக்கை, அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாகாதா? ஆகாது. புலம்பல் என்பது தீமையை நன்மையென்று ஒப்புக்கொள்ள மறுப்பது. புலம்புகிறவன் மருத்துவரிடமும் செல்லலாம்; நீதிமன்றமும் ஏறலாம். அழுவதே நம்பிக்கைக் குறைவு என்று கூறி அவன் வாயை அடைப்பதுதான் கொடுமைக்குத் துணைபோவதாகும்.

இரண்டாவது, புலம்பவும் சொல்லற்றுப் போனவன் என் செய்வான்? பேசத் தெரியாத பெருமூச்சுகளைத் தூய ஆவியாரே மன்றாட்டாக்குகிறார் என்பது ரோமர் மடல் 8ஆம் அதிகாரத்தின் போதனை. அதற்கு இணையாக மனிதர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அவன் பாடவியலாத பாட்டை அவனுக்காகப் பிறர் பாடலாம். 88ஆம் சங்கீதம் பாடகர் தலைவன் கையில் கொடுக்கப்பட்டது இதற்காகவும்தான்.

எனவே கைவிடப்பட்டதாக உணர்கிறவனிடம், இறைவன் ஏன் இவ்வாறு செய்தான் என்று விளக்கமுற்படுதல் எவருக்கும் தேவையில்லை. அவன் குறைகூறும் குரலைக் கேட்டு அஞ்சவும் வேண்டா. அக்குரல் இறைவனை நோக்கி எழும்வரை உறவு அறுந்துவிடவில்லை. அதுவும் எழாத நாளில், யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்யலாம். எட்டாம் நாள் செய்ததைத் தவிர்க்கலாம்.