முப்பத்தாறு ஆண்டுகள்

ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் அதிபராயிருக்கும் என்னிடம், சென்ற ஆண்டு இளைஞர் இருவர் ஒரு கொப்பியோடு வந்தனர். தம் ஊர் விளையாட்டுக் கழகத்தைக் கலைத்துவிடத் தீர்மானித்து அதில் எழுதியிருந்தார்கள். மூன்று சுற்றுப் போட்டிகளில் தொடர்ந்து தோற்றுவிட்டார்களாம். நல்ல ஆட்டக்காரர் நால்வர் கடல்கடந்து போய்விட்டனராம். சாட்சியாக நான் கையொப்பமிட வேண்டும் என்றனர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கல்கத்தா நகரத்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் கதையை அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

மோகன் பகான் என்பது அக் கழகத்தின் பெயர். 1889 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆந் திகதி, வடகல்கத்தாவில் பூபேந்திரநாத் போஸ் என்பாரின் தலைமையில் தோன்றியது. முதலாண்டு நிறைவு விழாவுக்கு வந்த பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ரோ, "ஸ்போர்ட்டிங்" என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, நீங்கள் வேட்டையாடுவதுமில்லை, தூண்டில் போடுவதுமில்லையே எனக் கேட்டாராம். பெயர் "அத்லெற்றிக் கிளப்" என மாறிற்று. சொல்லின் பொருளறிந்து சொல்ல வேண்டும் என்னும் ஆசிரியத் தொல்லை எங்கும் உண்டு போலும்!

1911 ஆம் ஆண்டு ஐ. எவ். ஏ. கேடயப் போட்டியில் இக் கழகம் சென் சேவியர், ரேஞ்சர்ஸ், ரைபிள் பிரிகேட் ஆகிய அணிகளை ஒன்றன்பின் ஒன்றாக வென்றது. மிடில்செக்ஸ் படையணியோடு முதல்முறை சமநிலையாகி, மறு ஆட்டத்தில் வென்றது. ஜூலை 29 இல் இறுதியாட்டம். எதிரணி கிழக்கு யோர்க்ஷயர் படையணி. வங்காளிகள் பதினொருவருள் சப்பாத்து அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. ஏனைய பதின்மரும் வெறுங்காலர். முதற் கோலை அடித்தவர்கள் படைவீரர்களே. பின்னர் தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். மைதானத்தை நெருங்க முடியாது தூரத்தில் நின்ற மக்களுக்காகக் கோல் கணக்கைப் பட்டங்களில் எழுதிப் பறக்கவிட்டனர் என்பர். தைப்பொங்கற் காலத்தில் பட்டம் ஏற்றும் நம்மவருக்கு அந்தக் காட்சியை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

"அடுத்த முறை கேடயத்தை எப்போது வென்றார்கள், சேர்?" என்று இளையவன் கேட்டான். "1947 இல்" என்றேன். அவன் விரல் மடித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "முப்பத்தாறு வருஷம்!" என்று வாய் பிளந்தான்.

ஆம், முப்பத்தாறு ஆண்டுகள். வெள்ளையர் படையணியை வென்ற இக் கழகத்துக்கு, கல்கத்தா லீக்கின் முதற்பிரிவில் இடங் கிடைத்ததே 1915 இலேதான். 1923 இல் மறுபடியும் கேடய இறுதியாட்டத்துக்கு வந்து கல்கத்தா கிளப்பிடம் தோற்றனர். மழைக்காலச் சேற்றில் வெறுங்கால் வழுக்கும்; சப்பாத்தின் அடிக்கட்டைகளோ நிலத்தைப் பற்றிக்கொள்ளும். நம் பிள்ளைகளும் மாரியில் விளையாடியறிந்த உண்மை இது. 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் லீக்கை வென்றபோது, மோகன் பகான் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முதல் லீக் வெற்றி 1939 இல்.

இந்த வெறுமையான காலத்திலேதான் கோஷ்ட பால் ஆடினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்காவல் நின்றார். சீனப் பெருஞ்சுவர் என்று பத்திரிகைகள் அவரை அழைத்தன. அவர் ஆடிய காலம் முழுவதும் கழகத்துக்கு லீக்கும் இல்லை, கேடயமும் இல்லை. ஆயினும் 1962 இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் உதைபந்தாட்ட வீரர் அவரே; இன்று கல்கத்தாவில் அவருக்குச் சிலையும் உண்டு, அவர் பெயரால் வீதியும் உண்டு. கிண்ணங்களை மட்டுமே எண்ணும் ஏடுகளில் இம் மனிதரை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பிற்காலத்து வெற்றிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1975 இல் தன் பரம எதிரியான ஈஸ்ட் பெங்கால் கழகத்திடம் கேடய இறுதியில் ஐந்து கோல்களால் தோற்றுத் தலைகுனிந்தது. 1977 இல் கேடயம், டூரண்ட், ரோவர்ஸ் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. அதே ஆண்டு ஈடன் தோட்டத்தில் பெலே ஆடிய நியூயோர்க் கொஸ்மோஸ் அணியோடு 2-2 எனச் சமன் செய்தது. டூரண்ட் கிண்ணத்தை 2023 உடன் 17 முறை வென்றிருக்கிறது. 2024-25 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் கேடயம், கிண்ணம் இரண்டும் அதற்கே.

வெற்றிக் கணக்கில் இதனை விஞ்சிய கழகங்கள் உலகில் உண்டு. எகிப்தின் அல் அஹ்லி ஆபிரிக்கக் கழகங்களின் முதன்மைக் கிண்ணத்தை 2024 வரை 12 முறை கைப்பற்றியது. அதுவும் பிரித்தானியர் ஆதிக்கக் காலத்தில், 1907 இல், கெய்ரோ மாணவர்களை ஒன்றுசேர்க்கப் பிறந்ததே. அஹ்லி என்றால் தேசியம் என்று பொருள்.

கதை முடிந்தது. இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்தனர். "முப்பத்தாறு வருஷத்துக்கு எங்கட ஊரிலை ஆக்கள் இருப்பினமோ, சேர்?" என்றான் மூத்தவன். அக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நானும் கண்டவன். கொப்பியை மூடி அவர்களிடமே கொடுத்தேன், கையொப்பமிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை பாடசாலை முற்றத்தில் பந்து உதைபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஏழு பேர் இருந்தார்கள். எதிரணிக்கு ஆளில்லாமல் ஆறாம் வகுப்புப் பையன்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.